சர்வருக்குள் ஒரு தனி வலையமைப்பு: பயனும் பழுதும்

பெரிய சர்வர் எதுவானாலும் அதற்குள் குறைந்தது இரண்டு கணினிகள் ஓடுகின்றன. ஒன்று, வேலைக்கென்று வாங்கப்பட்டது; லினக்ஸ், சோலாரிஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில் தரவுத்தளத்தையோ வங்கிக் கணக்குகளையோ நடத்துவது. மற்றது, அந்த முதல் கணினியைக் கவனித்துக்கொள்வதற்கென்றே போர்டில் பொருத்தப்பட்ட சேவைச் செயலி. ஆரக்கிள் அதை ஐலாம் என்கிறது, டெல் ஐட்ராக் என்கிறது, ஹெச்பிஇ ஐலோ என்கிறது. பொதுப் பெயர் பிஎம்சி. சர்வர் அணைந்திருக்கும்போதும் காத்திருப்பு மின்சாரத்தில் இது விழித்திருக்கும். விசிறி, வெப்பம், மின்னழுத்தம் எல்லாம் இதன் கண்காணிப்பில். சர்வரை ஏற்றி இறக்குவதும், கன்சோலைத் தொலைவிலிருந்து காட்டுவதும், ஃபர்ம்வேரை மாற்றுவதும் இதன் வேலை. இந்த இரண்டு கணினிகளும் வெளி கேபிள் எதையும் நம்பாமல் ஒன்றோடொன்று பேச, பெட்டிக்குள்ளேயே அமைக்கப்படும் சிறு வலையமைப்பு பற்றியதே இந்த ஆய்வு.

அப்படி ஒன்று ஏன் தேவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சேவைச் செயலிக்கு வன்பொருளின் வெளிப்புறம் தெரியும்; இயங்குதளத்தின் உட்புறம் தெரியாது. எந்த நினைவகப் பக்கம் அடிக்கடி பிழை தருகிறது என்பது இயங்குதளத்துக்குத்தான் முதலில் தெரிய வரும். அந்தப் பக்கம் எந்தச் செருகியில் உள்ள எந்த மெமரி அட்டையைச் சேர்ந்தது, அதன் வரிசை எண் என்ன என்பது பல கட்டமைப்புகளில் சேவைச் செயலியின் கணக்கில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பொறியாளர் சரியான அட்டையைக் கழற்ற முடியும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு சிபியு போர்டை நீக்குவது இன்னும் நுட்பமானது. கட்டளை சேவைச் செயலியில் பிறக்கும். ஆனால் அந்தப் போர்டில் உள்ள நினைவகத்தைக் காலிசெய்து, ஓடும் புரோகிராம்களை வேறு போர்டுக்கு மாற்றி, "எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல வேண்டியது இயங்குதளம். நம்பகமான இருவழிப் பேச்சு இல்லாமல் இது நடக்காது.

இந்தப் பேச்சைத் தரவு மையத்தின் சாதாரண வலையமைப்பு வழியாகவே நடத்திவிடலாமே என்று தோன்றும். அதற்கான பதில்தான் இந்த நடைமுறையின் வலுவான நியாயம். மேலாண்மை வலையமைப்பையும் வாடிக்கையாளர் போக்குவரத்து ஓடும் வலையமைப்பையும் பிரித்து வைப்பது தரவு மைய நிர்வாகத்தின் அரிச்சுவடி. இயங்குதளம் தன் சேவைச் செயலியோடு பேசவேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் நடுவே ஃபயர்வாலில் துளை போட்டால், பிரித்து வைத்ததன் பொருளே போய்விடும். மேலும், சுவிட்ச் செத்துப்போன நேரத்தில்தான் பழுதைப் பற்றிய தகவல் அதிகம் தேவைப்படும். அந்தத் தகவல் அதே சுவிட்ச் வழியாக வரவேண்டும் என்று அமைப்பது பிழையான அமைப்பு.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் வரலாற்றில் இந்தச் சிந்தனை வளர்ந்த விதம் தெளிவாகத் தெரிகிறது. 1997இல் வந்த எண்டர்பிரைஸ் 10000 ஒரே பெட்டியைப் பல டொமைன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனி சோலாரிஸை ஓடவிட்டது. அதை ஆட்டுவித்த எஸ்எஸ்பி, பெட்டிக்கு வெளியே ஈதர்நெட்டில் இணைந்த தனி வொர்க்ஸ்டேஷன். 2001இல் வந்த சன் ஃபயர் 15கே அந்தக் கட்டுப்பாட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்தது. இரண்டு சிஸ்டம் கன்ட்ரோலர்கள். ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். 18 டொமைன்கள் வரை பிரிக்கலாம். கன்ட்ரோலருக்கும் டொமைன்களுக்கும் இடையில் ஐ1 என்ற உள் வலையமைப்பு, இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் இடையில் ஐ2 என்ற இன்னொன்று. இரண்டும் சேர்ந்து மேன் எனப்பட்ட மேலாண்மை வலையமைப்பின் உள்பகுதி.

இதில் கவனிக்கவேண்டியது ஐ1இன் வடிவம். ஒவ்வொரு டொமைனுக்கும் கன்ட்ரோலரோடு மட்டும் நேர் இணைப்பு. ஒரு டொமைனிலிருந்து இன்னொரு டொமைனுக்கு இந்த வழியாகப் போக முடியாது. ஒரே பெட்டியில் ஒரு டொமைன் சம்பளப் பட்டியலையும் இன்னொன்று சோதனைப் புரோகிராம்களையும் ஓட்டலாம். சோதனை டொமைனில் யாராவது உடைத்துப் புகுந்தால் சம்பள டொமைனுக்கு உள்வழிப் பாதை கிடைக்கக் கூடாது. அதிகாரம் கன்ட்ரோலரிலிருந்து டொமைனை நோக்கியே பாய்ந்தது. கீழிருந்து மேலே தகவலும் கோரிக்கையுமே போயின. கட்டளை எந்தத் திசையில் போகிறது என்ற இந்த ஒரு கேள்வியை வைத்தே பின்னால் வந்த அமைப்புகள் எல்லாவற்றையும் எடைபோடலாம். அந்தச் சோதனையில் பல தேறவில்லை.

2007இல் சன்னும் ஃபுஜித்சுவும் சேர்ந்து வெளியிட்ட ஸ்பார்க் எண்டர்பிரைஸ் எம் வரிசை இதே பாதையில் இன்னொரு படி. எம்4000இல் இரண்டு டொமைன், எம்9000இல் 24 டொமைன் வரை. சேவைச் செயலியின் பெயர் எக்ஸ்எஸ்சிஎஃப். அதற்கும் டொமைன்களுக்கும் இடையிலான இணைப்பு டிஎஸ்சிபி. இங்கே ஈதர்நெட் கூட இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தகவல் பரிமாற்றப் பாதையின் மேல் பிபிபி நெறிமுறை ஓடுகிறது. டயல்-அப் மோடம் காலத்தில் வீட்டுக் கணினியை இணையத்தோடு கட்டிய அதே பிபிபி. இரண்டு முனைகளுக்கு மட்டுமான நெறிமுறை என்பதால், மூன்றாவது ஆள் நடுவே உட்கார அதில் இடமே இல்லை. அதன் மேல் வழக்கமான டிசிபி/ஐபி.

அதை அமைக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நிர்வாகி எக்ஸ்எஸ்சிஎஃப்இல் நுழைந்து செட்டிஎஸ்சிபி என்ற கட்டளைக்கு 10.1.1.0 போன்ற ஒரு வலையமைப்பு முகவரியையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் தருகிறார். சேவைச் செயலி 10.1.1.1ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு, டொமைன் 0க்கு 10.1.1.2, அடுத்ததற்கு 10.1.1.3 என்று பகிர்ந்துவிடுகிறது. ஷோடிஎஸ்சிபி கொடுத்தால் அந்தப் பட்டியல் தெரியும். சோலாரிஸ் பக்கத்தில் எஸ்பிபிபி0 என்ற இடைமுகம் தானாக எழும். அங்கிருந்து பிஆர்டிடிஎஸ்சிபி கொடுத்தால் இரண்டு முனைகளின் முகவரியும் வரும். மொத்தம் இவ்வளவுதான். தனி ஏஜென்ட் நிறுவவேண்டியதில்லை, கடவுச்சொல் பகிரவேண்டியதில்லை, கேபிள் இழுக்கவேண்டியதில்லை. வன்பொருள் மேலாண்மையில் இத்தனை எளிமை அரிது. வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த எளிமைக்குள்ளேயே மூன்று சங்கடங்கள் உண்டு. முதலாவது முகவரி. 10.1.1.1 அந்த நிறுவனத்தின் ஏதோ ஒரு கிளை அலுவலகத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால், டொமைனிலிருந்து அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் கிளைக்குப் போகாமல் சேவைச் செயலியின் வாசலில் நிற்கும். உள் இணைப்பு வெளியே தெரியாது என்பதால் வலையமைப்புக் குழுவின் முகவரிப் பதிவேட்டில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டாவது, திருத்தும் செலவு. செட்டிஎஸ்சிபியின் கையேடே அது தொடக்க அமைப்புக்கு மட்டுமான கட்டளை, ஓட்டும்போது டொமைன்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, பிறகு சேவைச் செயலியை மறுபடி ஏற்றினால்தான் புதிய முகவரி செல்லும் என்கிறது. எம்9000 வாங்குகிற இடங்கள் நிறுத்த முடியாத வேலைகளுக்காகவே அதை வாங்குகின்றன. முதல் நாள் யோசிக்காமல் தட்டிய ஒரு முகவரியை மாற்ற, அப்படிப்பட்ட பெட்டி முழுவதையும் நிறுத்தவேண்டும்.

மூன்றாவது சங்கடம் இயங்குதளத்தின் இயல்பிலிருந்து வருகிறது. இணைப்பு ஐபி வடிவில் இருப்பதால் சோலாரிஸுக்கு அது மற்றுமொரு வலையமைப்பு இடைமுகம். எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும்படி விடப்பட்ட ஒவ்வொரு சேவையும், அது எஸ்எஸ்ஹெச் ஆனாலும் வெப் சர்வர் ஆனாலும், எஸ்பிபிபி0இலும் காது கொடுக்கும். வன்பொருள் செய்திக்காக மட்டும் திறந்த வாசல், யாரும் தீர்மானிக்காமலேயே பொது வாசலாகிவிடுகிறது. டிசிபி/ஐபியைத் தேர்ந்தது புரோகிராம் எழுதுபவர்களுக்கு வசதி. அந்த வசதியின் விலை, பாதுகாப்பு அமைப்பில் இந்த இடைமுகத்தையும் நினைவில் வைக்கவேண்டிய பொறுப்பு.

சாதாரண எக்ஸ்86 சர்வர்கள் வேறு வழியில் வளர்ந்தன. இன்டெல், ஹெச்பி, என்இசி, டெல் ஆகியவை 1998இல் சர்வர் மேலாண்மைக்கான ஐபிஎம்ஐ விதிகளை வெளியிட்டபோது, இயங்குதளம் பிஎம்சியோடு பேச கேசிஎஸ் என்ற இடைமுகத்தைப் பிரபலமாக்கின. பழைய கீபோர்டு கன்ட்ரோலர் வேலைசெய்த பாணியில், ஒரு பைட் எழுதி, நிலையைப் பார்த்து, அடுத்த பைட் எழுதும் முறை அது. வெப்பநிலை கேட்க இது போதும். பல மெகாபைட் ஃபர்ம்வேரை இந்த வழியாக அனுப்பினால் காத்துக் கிடக்கவேண்டும். அதனால்தான் அடுத்த தலைமுறையில் பிஎம்சி தன்னை ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அட்டையாக இயங்குதளத்துக்குக் காட்டிக்கொள்ளத் தொடங்கியது. அட்டை கற்பனை, வேகம் உண்மை. வெப் உலாவியில் பயன்படுத்தும் அதே ஹெச்டிடிபிஎஸ், அதே ரெட்ஃபிஷ் மேலாண்மைக் கட்டளைகள் உள்ளிருந்தும் கிடைத்தன.

முகவரிச் சிக்கலுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கண்ட தீர்வு 169.254.0.0/16 என்ற உள்ளிணைப்பு வரம்பு. 2005இல் வந்த ஆர்எஃப்சி 3927 அதை ஒரே இணைப்புக்குள் மட்டும் பயன்படும்படி ஒதுக்கியது. ரவுட்டர்கள் கடத்தக் கூடாது. ஐலாம் தனக்கு 169.254.182.76, ஹோஸ்ட் எனப்படும் முதன்மைக் கணினிக்கு 169.254.182.77 வைத்துக்கொண்டது. ஐபிஎம்மின் ஐஎம்எம் 169.254.95.118 எடுத்தது. டெல்லின் ஐட்ராக்கில் 169.254.1.1. நிர்வாகி எதையும் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை, யாரோடும் மோதாது என்பது கணக்கு.

கணக்கு பொய்த்தது கிளஸ்டர்களில். ஆரக்கிளின் கிரிட் மென்பொருள் 11.2.0.2 பதிப்பிலிருந்து ஹெய்ப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கிளஸ்டர் கணினிகள் தமக்குள் பேசும் தனி இணைப்புகளில் அது தானாக முகவரி போட்டுக்கொள்ளும். அது எடுத்துக்கொண்டதும் இதே 169.254 வரம்பு. ஒரே வரம்புக்கு இரண்டு இடைமுகங்கள் உரிமை கோரும்போது, கிளஸ்டரின் உயிர்த்துடிப்புச் செய்தி யுஎஸ்பி பக்கம் திரும்பி பிஎம்சியிடம் போய் நிற்கும், தரவுத்தளம் எழும்பாது. பெரிய தரவுத்தளத்துக்கென்றே வாங்கிய சர்வரில், வன்பொருளைக் கவனிக்க வந்த இணைப்பே தரவுத்தளத்தை எழவிடாமல் செய்வது நியாயமற்ற விளைவு. விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரிலும் இதன் இன்னொரு முகம் தெரியும். ஒவ்வொரு சர்வரிலும் ஹோஸ்ட் பக்க முகவரி ஒன்றேயாக இருக்க, சரிபார்ப்புச் சோதனை அதை இரட்டை முகவரி என்று பிடிக்கும். வலையமைப்பு என்று பெயர் சூட்டியபின், வலையமைப்புக்குரிய விதிகள் எல்லாம் அதன் மேல் பாயும் என்பதை வடிவமைத்தவர்கள் முழுதாக எண்ணிப் பார்க்கவில்லை.

ஹெச்பிஇ ஐலோ 5இல் வேறு வழி எடுத்தது: 16.1.15.1. 16இல் தொடங்கும் பெரிய வரம்பு முதலில் டிஈசி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டு, காம்பாக் வழியாக ஹெச்பிக்கு வந்தது. தன் பெயரில் இருந்த பொது முகவரியிலேயே ஒன்றை எடுத்து எல்லாச் சர்வர்களுக்குள்ளும் வைத்ததால் ஹெய்ப்போடு மோதல் இல்லை. மற்றவர்கள் பின்பற்ற முடியாத தீர்வு என்பதுதான் அதன் குறை.

முகவரி மோதல் எரிச்சல்; சரிசெய்துவிடலாம். இந்த நடைமுறையின் ஆழமான பழுது நம்பிக்கையில் இருக்கிறது. கேசிஎஸ் வழியாக வரும் கட்டளைக்கு அடையாளச் சோதனையே கிடையாது. லினக்ஸில் ரூட் உரிமை உள்ள ஒருவர் ஐபிஎம்ஐடூல் கொண்டு பிஎம்சியில் புதிய நிர்வாகிக் கணக்கைத் திறக்கலாம், பழைய கடவுச்சொல்லைத் தெரிந்துகொள்ளாமலேயே புதியதை வைக்கலாம். இதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1998இன் சர்வருக்கு உரிமையாளர் ஒருவரே. ரூட் ஆனவர் ஏற்கெனவே எல்லாம் ஆனவர். பிஎம்சியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நள்ளிரவில் தரவு மையத்துக்கு ஓடாமல் இருந்த இடத்திலிருந்தே மீட்கலாம். இன்றும் ஆயிரக்கணக்கான நிர்வாகிகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் 15கேயில் மேலிருந்து கீழே பாய்ந்த அதிகாரம் இங்கே தலைகீழானது. கண்காணிக்கப்படுபவர் கண்காணிப்பவருக்குக் கட்டளையிடலாம். இயங்குதளத்தில் ஒரு மணி நேரம் ரூட் ஆன திருடர், வட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவிய பின்னும் பிஎம்சிக்குள் குடியிருக்கலாம்.

அது வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 2021 டிசம்பரில் ஈரானின் அம்ன்பர்தாஸ் நிறுவனம் ஐலோ ஃபர்ம்வேருக்குள் ஒளிந்திருந்த ஒரு ரூட்கிட்டை வெளிப்படுத்தியது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முயன்றால் புதுப்பித்ததுபோல் காட்டிவிட்டு அது தன் இடத்திலேயே இருந்தது. 2019இல் வெளியான பான்ட்ஸ்டவுன் குறை இன்னும் அடிப்படையானது: ஆஸ்பீட் நிறுவனத்தின் பிஎம்சி சிப்புகளில் இருந்த வன்பொருள் பாலங்கள் வழியாக, ஹோஸ்ட்டிலிருந்து பிஎம்சியின் நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. யுஎஸ்பி இணைப்பை மூடினாலும் கேசிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தினாலும் இந்தப் பாதை திறந்தே கிடந்தது.

நம்பிக்கை எந்த அளவுக்குத் தவறாக வைக்கப்படலாம் என்பதற்கு ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் ஃபர்ம்வேரில் 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-54085 குறையைவிடக் கசப்பான சான்று கிடைப்பது கடினம். மெகாராக்கின் வெப் சேவை, உள் இணைப்பு வழியாக ஹோஸ்ட்டிலிருந்து வரும் கோரிக்கையைக் கடவுச்சொல் கேட்காமல் ஏற்றது. கோரிக்கை உள்ளிருந்து வந்ததா என்பதை எப்படி அறிந்தது? கோரிக்கையின் தலைப்பு வரிகளில் ஒன்றில் இருந்த சர்வர் முகவரியைப் படித்து. அந்தச் சோதனை முதல் முக்காற்புள்ளி வரை உள்ள எழுத்துகளை மட்டும் எடுத்து, உள் இணைப்பின் முகவரியோடு ஒப்பிட்டது. வெளியிலிருந்து வருபவர் அந்த வரியில் 169.254.0.17 என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும். உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அவர் பெட்டிக்குள் இருப்பவராகக் கருதப்பட்டார். குறையின் கடுமை 10க்கு 10. இதைக் கண்டுபிடித்த எக்லிப்சியம் நிறுவனமே 2023இல் இதே மென்பொருளில் இதே வகைக் குறையைக் காட்டியிருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் சிசா அமைப்பு இதை, உண்மையில் சுரண்டப்படும் குறைகளின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே புரோகிராம் எழுதியவரின் கவனக்குறைவு ஒரு பகுதிதான். மூல காரணம், எந்த வழியில் வந்தவர் என்பதையே யார் என்பதற்கான சான்றாக ஏற்ற வடிவமைப்பு. டிஎஸ்சிபியில் அப்படி ஏற்பதற்கு ஓரளவு ஆதாரம் இருந்தது. பிபிபியின் மறுமுனை வன்பொருளிலேயே கட்டப்பட்டது. மெகாராக்கிலோ உள் இணைப்புக்கும் வெளி இணைப்புக்கும் கதவைத் திறப்பது ஒரே வெப் சேவை. இருவர் வரும் ஒரே வாசலில், வந்தவர் சொல்வதை வைத்து ஆளைப் பிரிப்பது பாதுகாப்பு ஆகாது.

டிஎம்டிஎஃப் அமைப்பின் ரெட்ஃபிஷ் ஹோஸ்ட் இடைமுக விதிகள் இந்தத் தவறைத் திருத்தும் திசையில் செல்கின்றன. உள் இணைப்பு எங்கே, எந்த முகவரியில் இருக்கிறது என்பதை எஸ்எம்பயாஸ் பட்டியலின் 42ஆம் வகைப் பதிவு இயங்குதளத்துக்குச் சொல்லும், ஊகிக்கவேண்டியதில்லை. உள்ளிருந்து வருபவரும் பெயரும் கடவுச்சொல்லும் தரவேண்டும். அவற்றை ஹோஸ்ட் ஒரு ஐபிஎம்ஐ கட்டளை மூலம் கேட்டுப் பெறலாம். ஹோஸ்ட்டோ சேவையோ மறுபடி ஏறும்போது அந்தக் கணக்கு அழிந்துவிடும். வேண்டாத இடத்தில் இந்த வழங்கலையே நிறுத்திவைக்கலாம். நல்ல முன்னேற்றம். ஆயினும் முதல் கடவுச்சொல்லைக் கொடுப்பது அதே சோதனையற்ற ஐபிஎம்ஐ பாதைதான் என்பதால், ரூட் ஆன திருடருக்கு இது தடை ஆகாது. வெளியாள் உள்ளாளாக நடிப்பதைத்தான் தடுக்கும். ரூட் ஆன திருடர் என்ற சிக்கலுக்கு மருந்து வேறு: கேசிஎஸ் வழியாகத் தகவல் மட்டும் வரலாம், கணக்கு மாற்றமும் ஃபர்ம்வேர் மாற்றமும் வரக் கூடாது என்று பிஎம்சி பக்கத்திலேயே பூட்டுவது. ஐலோ 5இல் ஹோஸ்ட் அங்கீகாரம் கட்டாயம் என்ற அமைப்பும், ஐட்ராக் 9இல் லாக்டவுன் முறையும் இதற்கானவை. ஓப்பன்பிஎம்சி வழிவந்த சில ஃபர்ம்வேர்களில் கேசிஎஸ்ஸை முழுதாகத் திறப்பது, கட்டுப்படுத்துவது, மூடுவது என மூன்று நிலைகள் உண்டு. எங்கேனும் தொழிற்சாலை அமைப்பு தாராளத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் அது மாற வேண்டும். மறந்த கடவுச்சொல்லை மீட்கும் வசதிக்காக எல்லாச் சர்வர்களையும் திறந்து வைப்பது தகாத பேரம்.

முழுச் சர்வரையும் வாடகைக்கு விடும் மேகச் சேவைகளில் இந்தப் பேரம் பொருளே இல்லாமல் போகிறது. அங்கே ரூட் என்பவர் வாடிக்கையாளர். பிஎம்சிக்கு உரிமையாளர் வாடகைக்கு விட்ட நிறுவனம். 2019இல் எக்லிப்சியம் ஐபிஎம் கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, பிஎம்சி ஃபர்ம்வேரில் தீங்கில்லாத ஒரு பிட்டை மாற்றி, கூடுதலாக ஒரு ஐபிஎம்ஐ கணக்கையும் திறந்து, திருப்பிக் கொடுத்தது. அதே சர்வரை மறுபடி பெற்றபோது கணக்கு நீக்கப்பட்டிருந்தது. மாற்றிய பிட் அப்படியே இருந்தது. கிளவுட்போர்ன் என்று பெயரிடப்பட்ட இந்தக் குறையை ஐபிஎம் குறைந்த கடுமை உடையது என்று வகைப்படுத்தியது. எக்லிப்சியம் அதை ஏற்கவில்லை. வகைப்பாடு எப்படியிருந்தாலும், ஐபிஎம் செய்த திருத்தம் சரியானது: ஃபர்ம்வேர் தன்னைப் புதியது என்று சொல்லிக்கொண்டாலும் அதை நம்பாமல், ஒவ்வொரு சர்வரிலும் அடுத்த வாடிக்கையாளருக்குப் போகுமுன் தொழிற்சாலை ஃபர்ம்வேரை மறுபடி எழுதி, பதிவுகளை அழித்து, கடவுச்சொற்களைப் புதிதாக உருவாக்குவது. இந்த மறுஎழுத்து ஹோஸ்ட்டின் வழியாகவோ, பழைய ஃபர்ம்வேரின் தயவிலோ நடந்தால் பயனில்லை. ஐலோ ரூட்கிட் புதுப்பித்ததுபோல் நடித்தது அந்த வழியில்தான். கையொப்பம் சரிபார்த்து பிஎம்சியை ஏற்றும் தனி வன்பொருள் உள்ள சர்வர்களில் இந்த நடிப்புக்கு இடமில்லை. அது இல்லாத பழைய சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள், வாடகை தொடங்குமுன்பே கேசிஎஸ்ஸையும் யுஎஸ்பி இணைப்பையும் பிஎம்சி பக்கத்தில் மூடிவிட்டு, வன்பொருள் தகவலை வெளி மேலாண்மை வலையமைப்பு வழியாக மட்டும் எடுத்துக்கொள்வதே தக்கது.